பால் பாக்கெட்டைக் கழுவினோம், ஜன்னலைத் திறக்கவில்லை

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் டெங்கு பற்றிப் பதில் எழுதும்போது, கொரோனா சமயத்தில் பால் பாக்கெட்டைச் சோப்பு நுரையில் முக்கி எடுத்தவன் நான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். டெங்குவை விட்டுவிட்டு எல்லாரும் அந்தப் பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை கொரோனாவே இருக்கட்டும். புதிய வாசகர்களுக்கு: கடலூர் மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டு, வழக்கம்போல ஊரை மட்டும் போடுகிறோம்.

நானும்தான் கழுவினேன் சார். கறிவேப்பிலையைக்கூட மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தேன். அத்தனையும் வீண் வேலையா? (அருப்புக்கோட்டை)

கறிவேப்பிலையில் இருந்த மண்ணும் பூச்சிமருந்தும் கொஞ்சம் போயிருக்கும். அந்த மட்டுக்கு லாபம். கொரோனாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் வீண்தான் அம்மா.

2020 மார்ச்சில் ஒரு ஆய்வுச் செய்தி வந்தது. பிளாஸ்டிக் மேல் வைரஸ் மூன்று நாள் வரை இருக்கிறது என்றார்கள். ஆய்வகத்தில் நிறைய வைரஸை வேண்டுமென்றே ஊற்றி வைத்துப் பார்த்த கணக்கு அது. வைரஸ் அங்கே இருப்பது ஒரு விஷயம், அதைத் தொட்டவருக்கு நோய் வருவது இன்னொரு விஷயம். செய்தி நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வைரஸ் பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. அதற்குள் நம் வீடுகளில் எத்தனை பை சோப்புத் தூள் காலியாகியிருக்கும்!

காற்று விஷயத்தில் கதை நேர்மாறு. 2020 மார்ச் கடைசியில் உலக சுகாதார நிறுவனமே, இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று அடித்துச் சொன்னது. அந்த மாதம் 10-ஆம் தேதி அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னான் என்ற ஊரில் ஒரு பாட்டுக் குழு கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரப் பயிற்சி. வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், கட்டிப்பிடிப்பதைத் தவிர்த்தார்கள். 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஒரே காற்றை மாறி மாறி மூச்சிழுத்திருக்கிறார்கள். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். ஆனால் முதலில் காதில் விழுந்தது எதுவோ அதுதான் நமக்கு நின்றது: தொடாதே, கழுவு.

இப்போது என் கதை. 2020 செப்டம்பர், மச்சான் வீட்டில் அவருடைய அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். கூட்டம் வேண்டாம் என்று பத்துப் பேரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் சானிடைசர், நெற்றிக்குக் காட்டும் தெர்மாமீட்டர் எல்லாம் இருந்தது. நானே நின்று ஒவ்வொருவர் கையிலும் சானிடைசர் அடித்துவிட்டேன். உள்ளே போனதும், "நம்ம வீட்டுக்குள்ள என்னப்பா, கழட்டுங்க" என்றார் மச்சான். எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தோம். வெளியே மழை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு மணி நேரம் இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆறு பேருக்கு வந்தது. அதில் நான் ஒருவன், மச்சான் ஒருவர். அவர் பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தார்.

முந்தின வாரம்தான் ஒரு பள்ளிக்கூட வாசலில் மைக் பிடித்து ஊருக்கே பாடம் நடத்தியிருந்தேன். சொந்தக்காரன் மூச்சில் நோய் இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை.

கோயம்பேடு சந்தையில் பரவியது காய்கறியாலா, ஆட்களாலா? எங்கள் ஊரில் ஒரு மாதம் தக்காளி வாங்க ஆளில்லை. (விருத்தாசலம்)

ஆட்களால்தான். கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் லாரிக்கும் கடைக்கும் நடுவே தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. 2020 மே 5-ல் சந்தையை மூடினார்கள், பிறகு திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் மூட்டை தூக்கும் பையன்கள் காய்கறி லாரியிலேயே ஏறி ஊர் திரும்பிவிட்டார்கள். நம் கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கம் எண்ணிக்கை திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறியது அந்த வாரத்தில்தான்.

அந்த நாட்களில் நான் காண்டாக்ட் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிராமம். திரும்பி வந்த பையன்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தோம். அதில் ஒருவனுக்கு இருபது வயது இருக்கும். வரும்போது வீட்டுக்கு ஒரு மூட்டை கோஸ் கொண்டுவந்திருந்தான். அந்த மூட்டையை அவன் அம்மா கம்பால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார். ஊரே தள்ளி நின்று பார்த்தது. தள்ளி என்றால் மூட்டையிலிருந்து தள்ளி. ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு, சுவரில் ஏறி, எழுபது எண்பது பேர் ஒரே இடத்தில். "கலைஞ்சு போங்கய்யா" என்று நான் கத்தியதற்கு ஒரு பெரியவர் சொன்னார்: "நாங்கல்லாம் உள்ளூருதான் தம்பி."

'கோயம்பேட்டிலிருந்து வந்தவன்' என்பது அந்தப் பையனுக்கு ரொம்ப நாள் பட்டப்பெயராகவே இருந்தது. அவனுக்கு வந்தது லேசான காய்ச்சல்தான்.

கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழியால் கொரோனா வருகிறது என்று எவனோ கிளப்பிவிட்டதில் எங்கள் பிழைப்பே போனது. படித்தவர்கள்கூட நம்பினார்களே, எப்படி? (நாமக்கல்)

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை ஐயா. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோதே இந்தக் கூத்தைப் பார்த்தவன் நான். 'சிக்கன் குனியா' என்று பேர் மாறி, கறிக்கடைப் பக்கம் ஆள் போகவில்லை. அந்தப் பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியிலிருந்து வந்தது. வலியில் வளைந்து போவதைக் குறிக்கும் சொல். கோழிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை வீடு வீடாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எதுக்கு சார் வம்பு" என்பார்கள்.

அந்த 'எதுக்கு வம்பு' கணக்கு அவர்கள் அளவில் சரிதான். இரண்டு வாரம் கோழி தின்னாவிட்டால் வீட்டுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். செலவில்லாத எச்சரிக்கை என்றால் நம் ஜனங்கள் உடனே எடுத்துக்கொள்வார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடு, சாவு வீட்டுக்குப் போகாதே என்று செலவுள்ள எச்சரிக்கையைச் சொல்லிப் பாருங்கள்!

99 சதவீதம் பேர் பிழைத்துவிட்டார்கள். ஒரு சதவீதத்துக்காக ஊரையே பூட்டியது அதிகப்படி என்று என் மருமகன் இன்னமும் வாதாடுகிறார். என்ன பதில் சொல்ல? (தென்காசி)

முதலில் அவர் வயதைக் கேளுங்கள். முப்பது இருக்குமா? அவர் வயதுக்கு அந்த ஆபத்து ஒரு சதவீதம்கூட இல்லை. 2020-ல், தடுப்பூசி வருவதற்கு முன், வளர்ந்த நாடுகளின் புள்ளிவிவரங்களை வைத்துப் போட்ட கணக்கு இது: தொற்று வந்தவர்களில் 25 வயதில் பத்தாயிரத்துக்கு ஒருவர் இறந்தார். 55 வயதில் ஆயிரத்துக்கு 4 பேர். 65-ல் ஆயிரத்துக்கு 14. 75-ல் ஆயிரத்துக்கு 46. ஒரே வீட்டில், ஒரே வைரஸ், பேரனுக்கும் தாத்தாவுக்கும் நடுவே நானூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். சராசரி போட்டு 'ஒரு சதவீதம்' என்றால் அது இரண்டு பேருக்குமே பொய்.

இன்னொன்று, ஒரு சதவீதம் என்பது எத்தனை பேரில் என்று பார்க்க வேண்டும். 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அத்தனை பேரும் ஒரு வருடத்தில் பரவலாக வந்திருந்தால் படுக்கை கிடைத்திருக்கும். ஒரே வாரத்தில் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றது. அதற்குள்ளேயே சிலர் போய்விட்டார்கள். மாநிலத்தில் அரசுக் கணக்கில் வந்த மொத்தச் சாவு 38 ஆயிரத்துக்கும் மேல்.

ஊரடங்கின் ஒவ்வொரு நாளும் சரி என்று நான் வாதாட வரவில்லை. கடற்கரையையும் பூங்காவையும் பூட்டியது எனக்கு அப்போதே புரியவில்லை. காற்று அள்ளிக்கொண்டு போகிற இடம். அங்கே துரத்தப்பட்டவர்கள் வீட்டுக்குள் போய் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள்.

மருமகனிடம் ரெம்டெசிவிர் கதையைச் சொல்லிப் பாருங்கள். அந்த மருந்து சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அதை விற்றபோது வரிசை தெருவைத் தாண்டியது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தம்பிக்காகக் கடலூரிலிருந்து போய் இரண்டு ராத்திரி நின்றார். மருந்து கிடைத்தது. கூடவே கொரோனாவும் வந்தது. நோய்க்குப் பயந்தவர்கள் நோய் பரவத் தோதான இடத்தில் போய் நின்றார்கள். வேறு என்ன செய்வார்கள்? உள்ளே தம்பி மூச்சுக்குத் திணறும்போது வெளியே இருக்கிறவன் ஏதாவது செய்தாக வேண்டுமே.

நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே விழுந்தார் என்று சொல்லி என் அம்மா கடைசிவரை போடவில்லை. நீங்கள் அப்போது என்ன சொல்லிப் புரியவைத்தீர்கள்? (சிவகாசி)

புரியவைக்கவே முடியவில்லை. அதுதான் உண்மை.

2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் போட்டுக்கொண்டார். எல்லாரும் போடுங்கள் என்று டிவியில் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் இறந்தார். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்றார்கள் டாக்டர்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழுவும் பிறகு சொன்னது. அது வந்தபோது யார் கவனித்தார்கள்?

திங்கட்கிழமை எங்கள் முகாமில் நாற்பது நாற்காலி போட்டிருந்தோம். பதினோரு மணி வரை மூன்று பேர். நான் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன்: "ஆத்தா, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தினமும் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருக்கும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பார்த்து லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, சிலருக்கு அது ஊசிக்கு மறுநாளும் அமையத்தானே செய்யும்?" பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்த ஆத்தா சொன்னார்: "நீ சொல்றது சரிதான் சாமி. ஆனா அவரு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குதே."

என்னிடம் எண் இருந்தது, ஆத்தாவிடம் முகம் இருந்தது. மதியத்துக்கு மேல் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு காரியம் செய்தார். எழுபது வயது மாமியாரை ஆட்டோவில் கூட்டி வந்து, முதல் நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டார். மாமியாரைச் சாயங்காலம் வரை முகாமிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். மறுநாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். அந்த ஆத்தா வரவில்லை. மே மாதம் அந்தத் தெருவில் அடுத்தடுத்து நான்கு சாவு விழுந்தது. ஜூனில் ஊசி தட்டுப்பாடு. விடியற்காலை நான்கு மணிக்கு டோக்கன் வரிசையில் ஆத்தா முதலில் நின்றார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கோவிஷீல்டு வகை ஊசியில் ரத்தம் உறையும் அபூர்வமான பக்கவிளைவு உண்மையிலேயே இருந்தது. ஐரோப்பியக் கணக்கில் சுமார் லட்சத்தில் ஒருவர். அதை அப்போது நாங்கள் வெளிப்படையாகப் பேசவில்லை, ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று. 2024-ல் அந்தச் செய்தி மறுபடி பெரிதாக வந்தபோது, எனக்கு வந்த போன்களில் எல்லாம் ஒரே கேள்வி: "ஏன் சார் அப்பவே சொல்லல?" பதிலுக்கு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்தானே? (ஓசூர்)

இருக்கலாம், அதில் ஆச்சரியமில்லை. ஆயிரம் பேர் இருக்கும் ஒரு ஊரை வைத்துக்கொள்ளுங்கள். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் படுக்கிறார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர். வார்டில் எண்ணினால் 10 பேரும் 9 பேரும். கிட்டத்தட்டப் பாதிப் பாதி! வார்டை மட்டும் பார்த்தவர் ஊசி உதவவில்லை என்பார். ஊரையும் பார்த்தவருக்குப் பத்து மடங்கு வித்தியாசம் தெரியும். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

கபசுரக் குடிநீர் குடித்தீர்களா? (மன்னார்குடி)

குடித்தேன். ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் எவர்சில்வர் டிரம்மில் இருந்தது, காலையில் ஒரு டம்ளர். கசப்பு நன்றாகத்தான் இருந்தது. கஷாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதைக் குடித்துவிட்டு, "இனி நமக்கு வராது" என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியவர்களோடுதான் சண்டை.

மாஸ்க்கை யாரும் ஒழுங்காகப் போடவில்லையே. போன் எடுத்தால் இருமல் சத்தத்தோடு அத்தனை மாதம் அறிவுரை கேட்டோம். தெரியாமல் இல்லையே! (திருப்பூர்)

தெரியும். கேட்டால் பாடமாக ஒப்பிப்பார்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் பத்துப் பேர் தாடையில் மாஸ்க்கோடு நிற்பார்கள். போலீஸ் ஜீப் திரும்புவது தெரிந்தால் பத்தும் ஒரே நேரத்தில் மூக்குக்கு ஏறும். ஜீப் போனதும் இறங்கும். இருநூறு ரூபாய் அபராதம் கண்ணுக்குத் தெரிந்தது, வைரஸ் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்திலும் அதிகாரி வரும்போது மாஸ்க் ஏறியது. நான் உட்பட.

2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்களே. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? (நாகர்கோவில்)

எந்தக் கணக்கிலும் சேர்க்க மனம் வரவில்லை. நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த மனிதர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ். ராத்திரியில் ஆம்புலன்ஸ் மேல் கல் விழுந்தது. கூட வந்தவர்களை அடித்துத் துரத்தினார்கள். கடைசியில் சக டாக்டர் ஒருவர் மண்வெட்டி பிடித்துப் புதைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் அரசு அவசரச் சட்டம் போட்டது, தடுப்பவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை என்று.

பிணம் இருமாது, தும்மாது. முறைப்படி சுற்றி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்த உடலிலிருந்து தெருவுக்கு எதுவும் வராது. ஆனால் கல்லெறியக் கூடிய கூட்டத்தில் யாருக்காவது தொற்று இருந்திருந்தால்? அன்றைக்கு அந்த இடத்தில் ஆபத்து என்று ஏதாவது இருந்திருந்தால் அது கூட்டத்துக்குள்தான் இருந்திருக்கும்.

எங்கள் பக்கமும் ஒரு முறை சுடுகாட்டுக்கு வழிவிட மறுத்தார்கள். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, நகரவில்லை. கவச உடை போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்ற எங்கள் தூய்மைப் பணியாளர் கேட்டார்: "நேத்து உங்க தெரு சாக்கடைய அள்ளுனது நான்தான். அப்ப யாரும் பயப்படலியே?" இரண்டு பெண்கள் முதலில் ஒதுங்கினார்கள். பிறகு வழி கிடைத்தது.

இப்போதும் பால் பாக்கெட்டைக் கழுவுகிறீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்! (காட்பாடி)

நான் கழுவுவதில்லை. என் மனைவி கழுவுகிறாள். பத்தாயிரத்தில் ஒன்று என்று சொல்லிப் பார்த்தேன். "அந்த ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா?" என்கிறாள். நான் என் பங்குக்கு யார் வந்தாலும் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன். கொசு வருகிறது. போன வாரம்தான் வலை அடிக்க ஆள் வந்தார். அறுநூறு ரூபாய் கேட்டார், ஐந்நூறுக்கு முடித்தேன். டெங்கு கேள்விகள் பாக்கி நிறைய இருக்கின்றன, அடுத்த இதழில்.